காலேஜ் பாஸ்கெட்பால் ஜிஎம் வேலைய எங்கேர்ந்து கத்துக்க ஆரம்பிக்கிறது?

அமெரிக்க காலேஜ் பாஸ்கெட்பால் பாக்குறவங்க இப்ப அடிக்கடி கேக்குற பதவி ஜெனரல் மேனேஜர், சுருக்கமா ஜிஎம். புரொஃபஷனல் லீக்கான என்பிஏல இது ரொம்ப காலமா இருக்குற பதவி, ஆனா காலேஜ்ல 2022க்கு முன்னாடி இந்தப் பேரே கிட்டத்தட்ட கிடையாது, ஹெட் கோச்தான் எல்லாம். பிளேயர தேடுறது, வீட்டுக்குப் போயி அம்மா அப்பாகிட்ட பேசுறது, காலேஜுக்கு நன்கொடை கொடுக்குற டோனர்கூட சாப்பிடுறது, டீம நடத்துறது எல்லாம் அவரும் அவரோட அசிஸ்டென்ட்டுகளும்தான் பாத்துக்கிட்டாங்க. இப்ப பெரிய கான்ஃபரன்ஸ்ல, அதாவது காலேஜுங்க சேர்ந்து ஆடுற பெரிய குழுங்கள்ல, இருக்குற டீம்ல ஜிஎம் இல்லாத டீம தேடித்தான் கண்டுபிடிக்கணும்.

இந்த விளையாட்ட புதுசா ஃபாலோ பண்ண ஆரம்பிச்சு யார் இவங்க, என்ன செய்யறாங்கன்னு குழம்புறவங்களுக்கும், அமெரிக்காவுல படிச்சுக்கிட்டு இந்த வேலைக்குள்ள எப்படியாவது நுழையணும்னு நினைக்கிறவங்களுக்கும் சேர்த்துத்தான் இத எழுதுறேன். நான் திரும்பத் திரும்ப சொல்லப்போறது ஒரே விஷயம்தான். 19 வயசுப் பையன்கிட்டயோ பொண்ணுகிட்டயோ உனக்கு இவ்வளவு, இது இந்த இடத்துலேர்ந்து வரும், இந்த தேதிக்கு வரும்னு தெளிவா சொல்லி, சொன்னத சொன்னபடி செய்யறவர்தான் நல்ல ஜிஎம். டேட்டா, ஸ்கவுட்டிங், பேச்சுத் திறமை எல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

முதல் படி: இந்த வேலை ஏன் வந்துச்சுன்னு வரிசையா புரிஞ்சுக்கோங்க

வரிசை முக்கியம், ஏன்னா ஒண்ணுமேல ஒண்ணா விழுந்த மாற்றம் இது.

2018 அக்டோபர்ல டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்துச்சு. வேற காலேஜுக்குப் போகணும்னு நினைக்கிற பிளேயரோட பேரப் போடுற ஒரு டேட்டாபேஸ், அவ்வளவுதான். ஆனா அப்பல்லாம் பாஸ்கெட்பால் பிளேயர் காலேஜ் மாறினா பெரும்பாலும் ஒரு வருஷம் ஆடாம உக்காரணும், அதனால யோசிச்சுத்தான் போவாங்க. 2021 ஏப்ரல்ல ஒரு தடவ மட்டும் உக்காராம மாறலாம்னு விதி வந்துச்சு, 2023 டிசம்பர்ல மேற்கு வர்ஜீனியாவுல ஒரு ஃபெடரல் ஜட்ஜ் மீதி தடையயும் நிறுத்தி வச்சார், 2024 ஏப்ரல்ல காலேஜ் விளையாட்ட நடத்துற அமைப்பான என்சிஏஏவே படிப்புல தகுதி இருந்தா எத்தன தடவ வேணும்னாலும் மாறிக்கலாம்னு ஒத்துக்கிச்சு.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் பணம். 2021 ஜூன் 21 அன்னிக்கு ஆல்ஸ்டன் வழக்குல சுப்ரீம் கோர்ட் 9-0ன்னு என்சிஏஏக்கு எதிரா தீர்ப்பு சொல்லிச்சு, அடுத்த பத்து நாள்ல, ஜூலை 1லேர்ந்து, பிளேயருங்க தங்களோட பேர், உருவம், அடையாளத்த வச்சு சம்பாதிக்கலாம்னு ஆச்சு. இதத்தான் என்ஐஎல்னு சொல்றாங்க. உடனே ஒவ்வொரு காலேஜுக்கும் பின்னாடி டோனருங்க சேர்ந்து கலெக்டிவ்னு ஒரு அமைப்பு ஆரம்பிச்சு பணம் கொடுக்க ஆரம்பிச்சாங்க. பேருக்கு விளம்பரம், உள்ளுக்குள்ள சம்பளம்.

மூணாவது, 2025 ஜூன் 6 அன்னிக்கு ஜட்ஜ் கிளாடியா வில்கன், பிளேயருங்க என்சிஏஏ மேல போட்ட ஹவுஸ் வழக்கோட சமரசத்துக்கு ஒப்புதல் கொடுத்தாங்க. 2025 ஜூலை 1லேர்ந்து காலேஜே நேரா பிளேயருக்கு பணம் கொடுக்கலாம். முதல் வருஷத்துக்கு ஒரு காலேஜுக்கு எல்லா விளையாட்டும் சேர்த்து வரம்பு 20.5 மில்லியன் டாலர், அதாவது சுமார் ரெண்டு கோடியே அஞ்சு லட்சம் டாலர். பழைய பிளேயருங்களுக்கு நஷ்டஈடா சுமார் 2.8 பில்லியன் டாலர் பத்து வருஷத்துல கொடுக்கணும்.

இந்த மூணையும் சேர்த்துப் பாருங்க. வருஷா வருஷம் டீம் கலையுது, ஒவ்வொரு பிளேயருக்கும் விலை பேசணும், அந்தப் பணத்துக்கு கணக்கும் காட்டணும். ஒரு கோச்சால தனியா முடியுமா? மயாமி டீம் 2023ல ஃபைனல் ஃபோர், அதாவது சாம்பியன்ஷிப்போட கடைசி நாலு டீம், வரைக்கும் போச்சு, அது முடிஞ்சு பிளேயருங்கள முதல் தடவ கூப்பிட்டுப் பேசினப்பவே எட்டு பேர் போர்ட்டலுக்குப் போறோம்னு முடிவு பண்ணிட்டாங்கன்னு கோச் ஜிம் லாரன்யாகா சொன்னார், 2024 டிசம்பர்ல சீசன் நடுவுலயே வேலைய விட்டார். வர்ஜீனியாவுக்கு 2019ல சாம்பியன்ஷிப் வாங்கிக்கொடுத்த டோனி பென்னட், 2024 அக்டோபர்ல சீசன் தொடங்க சில வாரம் இருக்கும்போது விலகினார், இந்தப் புது சூழலுக்கு நான் சரியான ஆள் இல்லன்னு வெளிப்படையா சொன்னார். எனக்கு அந்த ரெண்டு பேரோட விலகலும் வருத்தமா இருந்துச்சு, ஆனா இந்தப் பதவி ஏன் வேணும்னு அந்த ரெண்டு சம்பவம் சொல்ற மாதிரி வேற எதுவும் சொல்லல.

ரெண்டாவது படி: எல்லா ஜிஎம்மும் ஒரே வேலை செய்யறதில்ல

பேர் ஒண்ணு, உள்ள இருக்குற வேலை காலேஜுக்கு காலேஜ் வேற. புதுசா வர்றவங்க இங்கதான் ரொம்ப குழம்புறாங்க.

ட்யூக்ல 2022 ஜூன்ல ரேச்சல் பேக்கர வச்சாங்க. காலேஜ் பாஸ்கெட்பால்ல ஜிஎம்னு வந்த முதல் ஆளுங்கள்ல அவங்களும் ஒருத்தர், நைக்கிலயும் என்பிஏலயும் வேலை பாத்தவங்க. ஜான் ஷையர் கோச்சா பொறுப்பேத்த அதே சமயம். பிராண்டு, பார்ட்னர்ஷிப், பிளேயரோட சொந்த வளர்ச்சின்னு பிசினஸ் பக்கத்துலேர்ந்து வந்த மாதிரி அது.

வில்லனோவால 2023ல பேக்கர் டன்லீவிய வச்சாங்க, அவர் குவினிபியாக்ல ஹெட் கோச்சா இருந்தவர், வில்லனோவால ஆண்கள் டீம் பெண்கள் டீம் ரெண்டுக்கும் சேர்த்துத்தான் அவர் பொறுப்பு. செயின்ட் ஜான்ஸ்ல கோச் ரிக் பிடினோகூட மாட் அப்டெல்மாசி, அவரும் கோச்சிங்லேர்ந்து வந்தவர். நார்த் கரோலினா 2025 பிப்ரவரில ஜிம் டானர்னு ஒரு என்பிஏ ஏஜென்ட்ட கொண்டு வந்துச்சு, எதிர் பக்கத்துல உக்காந்து பேரம் பேசியே பழகின ஆள இந்தப் பக்கம் உக்கார வச்சா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. சிரக்யூஸ்ல அலெக்ஸ் க்ளைன், என்பிஏ டீமான நிக்ஸ்ல ஸ்கவுட்டா இருந்தவர், அதுக்கும் முன்னாடி சின்ன வயசுலயே ரெக்ரூட்டிங் பத்தி சொந்தமா வெப்சைட் நடத்தினவர்.

அப்புறம் ஏட்ரியன் வோஜ்நரோவ்ஸ்கி. என்பிஏ செய்திய உலகத்துக்கே முதல்ல சொல்ற ஆளா இருந்து, 2024 செப்டம்பர்ல ஈஎஸ்பிஎன் சேனல விட்டுட்டு தான் படிச்ச செயின்ட் பொனவென்ச்சருக்கு ஜிஎம்மா போனார். நியூயார்க் மாநிலத்தோட மேற்கு மூலையில இருக்குற சின்ன காலேஜ் அது, அட்லான்டிக் 10 கான்ஃபரன்ஸ். அங்க ஜிஎம்னா முக்கால்வாசி நிதி திரட்டுற வேலைதான், பெரிய ஃபுட்பால் வருமானமோ டிவி பணமோ இல்லாத இடத்துல ஒவ்வொரு டாலரும் யாரோ ஒரு பழைய மாணவர்கிட்டேர்ந்துதான் வரணும்.

கடைசியா என்பிஏ ஸ்டார் பேருங்க. ஸ்டெஃப் கரி 2025 மார்ச்ல டேவிட்சன்ல அசிஸ்டென்ட் ஜிஎம் ஆனார், டிரே யங் ஒக்லஹோமால அதே பதவிக்கு வந்து 10 லட்சம் டாலரும் கொடுத்தார், ஷக்கீல் ஓ'நீல் சாக்ரமென்டோ ஸ்டேட்ல சம்பளம் வாங்காம ஜிஎம், டேமியன் லில்லார்ட் வீபர் ஸ்டேட்ல. இவங்க தினமும் ஆபீஸ்ல உக்காந்து கான்ட்ராக்ட் படிக்கிறவங்க கிடையாது. ஒரு ஃபோன் கால் பண்ணினா எந்தப் பையனும் எடுப்பான், டோனருங்க கூட்டத்துக்கு வருவாங்க, அதுக்காகத்தான். அதுவும் உண்மையான மதிப்புதான், ஆனா வேலைய கத்துக்கணும்னா நீங்க பாக்க வேண்டியது டேவிட்சன்ல கரிகூட இருக்குற முழுநேர ஜிஎம் ஆஸ்டின் பன்ட்ஸ் மாதிரி ஆளுங்கள.

ஒரு டீம புரிஞ்சுக்கணும்னா இந்த மூணு கேள்விய கேளுங்க. ஜிஎம் யாருக்கு ரிப்போர்ட் பண்றார், ஹெட் கோச்சுக்கா, காலேஜோட எல்லா விளையாட்டுக்கும் பொறுப்பான அத்லெடிக் டைரக்டருக்கா? பட்ஜெட்ல கையெழுத்து யாரோடது? கோச் நாளைக்குப் போயிட்டா ஜிஎம்மும் போவாரா? பெரும்பாலான இடத்துல இன்னும் கோச்தான் மேல, ஜிஎம் அவருக்குக் கீழ. என்பிஏ மாதிரி கோச்ச வேலைக்கு எடுக்குற ஜிஎம் காலேஜ் பாஸ்கெட்பால்ல ரொம்ப அபூர்வம், ஃபுட்பால்ல ஸ்டான்ஃபோர்டு ஆண்ட்ரூ லக்குக்கு அந்த மாதிரி அதிகாரம் கொடுத்துருக்கு.

மூணாவது படி: பணம் எந்த பாக்கெட்லேர்ந்து வருதுன்னு பிரிச்சுப் பாருங்க

இந்தப் படியில நேரம் எடுத்துக்கோங்க, அவசரப்படாதீங்க. இத புரிஞ்சுக்கிட்டா செய்தில வர்ற பாதி விஷயம் தானா தெளிவாயிடும்.

முதல் பாக்கெட் ரெவென்யூ ஷேர், காலேஜ் நேரா கொடுக்குறது. 20.5 மில்லியன்ங்கறது மொத்த காலேஜுக்கும். ஃபுட்பால் பெருசா இருக்குற இடங்கள்ல பல பேர் பேசுற கணக்கு ஃபுட்பாலுக்கு 75 சதவீதம், ஆண்கள் பாஸ்கெட்பாலுக்கு 15, பெண்கள் பாஸ்கெட்பாலுக்கு 5, மத்த எல்லாத்துக்கும் 5. அப்ப ஆண்கள் பாஸ்கெட்பாலுக்கு சுமார் 30 லட்சம் டாலர் வரும், பெண்களுக்கு 10 லட்சம். இது சட்டம் இல்ல, ஒவ்வொரு காலேஜும் தானே முடிவு பண்ணும். பிக் ஈஸ்ட் கான்ஃபரன்ஸ் மாதிரி ஃபுட்பால் சுமை பெருசா இல்லாத இடத்துல பாஸ்கெட்பாலுக்கே பெரும்பகுதிய திருப்பலாம், செயின்ட் ஜான்ஸும் வில்லனோவாவும் யூகானும் பெரிய ஃபுட்பால் காலேஜுகளோட மோத முடியுறதுக்கு இதுவும் ஒரு காரணம். இந்த வரம்பு வருஷத்துக்கு சுமார் 4 சதவீதம் ஏறும். எல்லா காலேஜும் இதுல சேரல, உதாரணத்துக்கு ஹார்வர்ட், யேல் மாதிரி காலேஜுங்க இருக்குற ஐவி லீக் சேரல.

ரெண்டாவது பாக்கெட் ஸ்காலர்ஷிப். முன்னாடி ஆண்கள் டீமுக்கு 13 ஸ்காலர்ஷிப்தான், இப்ப சமரசத்துல சேர்ந்த காலேஜுக்கு ரோஸ்டர்ல, அதாவது டீம் பட்டியல்ல, 15 பேர் வரைக்கும், 15 பேருக்கும் முழு ஸ்காலர்ஷிப் கொடுக்கலாம். ஆனா புதுசா கூட்டின ஸ்காலர்ஷிப்புங்க 25 லட்சம் டாலர் வரைக்கும் அந்த 20.5 மில்லியன் வரம்புலேர்ந்தே கழியும். இத மறந்துட்டு கணக்கு போட்டீங்கன்னா கடைசில துண்டு விழும்.

மூணாவது வெளி டீல், கம்பெனிக்காரங்க கொடுக்குற உண்மையான விளம்பரப் பணமும் கலெக்டிவ் பணமும். இது அந்த வரம்புக்கு வெளிய. 600 டாலருக்கு மேல இருந்தா அஞ்சு வேலை நாளுக்குள்ள 'என்ஐஎல் கோ'ன்னு ஒரு தளத்துல பதிவு பண்ணணும், டெலாய்ட் அத நடத்துது, அதுக்கு மேல காலேஜ் ஸ்போர்ட்ஸ் கமிஷன்னு ஒரு அமைப்பு, பேஸ்பால்லேர்ந்து வந்த பிரையன் சீலி தலைமையில. டோனர் சம்பந்தப்பட்ட டீலா இருந்தா அவங்க பாக்குறது இந்தப் பணத்துக்கு நிஜமான வியாபார நோக்கம் இருக்கா, தொகை நியாயமானதான்னு. டோனர் ஒருத்தர் தன்னோட கம்பெனி பேர்ல ஒரு பையனுக்கு அஞ்சு லட்சம் கொடுத்து ஒரு ட்வீட் போடச் சொன்னா அது தாண்டுறது கஷ்டம். நல்ல ஜிஎம்முக்கும் மோசமான ஜிஎம்முக்கும் வித்தியாசம் தெரியுற இடம் இதுதான். மோசமானவர் பையன்கிட்ட மொத்தம் எட்டு லட்சம்னு ஒரே நம்பரா சொல்லிடுவார், அதுல நாலு லட்சம் இன்னும் பதிவே ஆகாத வெளி டீலா இருக்கும். அது நிராகரிக்கப்பட்டா அந்தக் குடும்பம் என்ன பண்ணும்? நல்லவர் ரெண்டையும் தனித்தனியா எழுதிக் காட்டுவார், இது உறுதி, இது எதிர்பார்ப்புன்னு.

ஐபிஎல் ஏலத்துல ஒவ்வொரு டீமோட பர்ஸ்ல எவ்வளவு இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும், இங்க யாருக்கும் யாரோட பர்ஸும் தெரியாது. வதந்திலயும் ஏஜென்ட் சொல்ற நம்பர்லயும்தான் சந்தை ஓடுது, அதனால மத்த டீம் எவ்வளவு கொடுக்குறாங்கன்னு வர்ற நம்பர அப்படியே நம்பாதீங்க.

நாலாவது படி: காலண்டர மனப்பாடம் பண்ணுங்க

ஒரு ஜிஎம்மோட வருஷம் ஏப்ரல்லதான் தீர்மானமாகுது. போர்ட்டல் திறந்திருக்குற நாள் குறைஞ்சுக்கிட்டே வருது, 2023ல 60 நாள், அப்புறம் 45, 2025ல 30, 2026லேர்ந்து ஃபைனல் முடிஞ்ச மறுநாள் தொடங்கி வெறும் 15 நாள். அந்த 15 நாள்ல பேர் கொடுத்தா போதும், எங்க சேர்றதுன்னு அப்புறமும் முடிவு பண்ணலாம், ஆனா நடைமுறைல நல்ல பிளேயருங்க முதல் வாரத்துலயே போயிடுறாங்க. ஆண்கள் பக்கம் மட்டும் 2,000க்கு மேல பேர் போர்ட்டலுக்கு வர்றாங்க, மேல்மட்டமான டிவிஷன் 1ல இருக்குறதே 360 சொச்சம் டீம்தான், அப்ப ஒரு டீமுக்கு சராசரியா அஞ்சாறு பேர் கிளம்புறாங்கன்னு அர்த்தம்.

அதனால ஜனவரி பிப்ரவரிலயே வேலை ஆரம்பிக்கணும். நம்ம டீம்ல யார் இருப்பாங்க, யார் போவாங்க, யார் என்பிஏ டிராஃப்ட, அதாவது என்பிஏ டீமுங்க புதுப் பிளேயர எடுக்குற நிகழ்ச்சிய, பாக்குறாங்க, மத்த டீம்ல யார் கிளம்பலாம்னு ஒரு லிஸ்ட். இங்க ஒரு கோடு இருக்கு, போர்ட்டலுக்கு பேர் கொடுக்காத வேற டீம் பிளேயர்கிட்ட பேசக்கூடாது, அது டாம்பரிங். ஏஜென்ட் வழியா தூது போறது நடக்குதுன்னு எல்லாரும் பேசிக்கிறாங்க, அதுக்காக நீங்களும் அப்படி ஆரம்பிக்காதீங்க. 2025 ஜூன்ல விஸ்கான்சின் காலேஜ் ஒரு ஃபுட்பால் பிளேயர் விஷயத்துல மயாமி மேல கேஸ் போட்டுச்சு, எங்க கான்ட்ராக்ட்ல தலையிட்டாங்கன்னு. இனி இந்த விஷயம் என்சிஏஏ அபராதத்தோட நிக்காது, கோர்ட்டுக்கும் போகும்.

மே கடைசில இன்னொரு கதவு மூடும், டிராஃப்ட்டுக்கு பேர் கொடுத்தவங்க வாபஸ் வாங்குற கடைசி நாள். ஒரு பெரிய பிளேயர் திரும்பி வருவானா மாட்டானான்னு தெரியாமயே ஏப்ரல் முழுக்க அவனுக்கான பணத்த தனியா கட்டி வைக்கணும். ஜூன்ல புதுப் பசங்க கேம்பஸுக்கு வருவாங்க, ஜூலைல ஹைஸ்கூல் பசங்களோட டோர்னமென்ட்டுங்க, நவம்பர்ல சீசன். மூச்சு விட நேரம் கிடைக்கிறது ஆகஸ்ட்லதான்.

அஞ்சாவது படி: ஒரு பேப்பர்ல ரோஸ்டர் போட்டுப் பாருங்க

இத படிச்சுட்டு கடந்து போயிடாதீங்க, நிஜமாவே உக்காந்து பண்ணுங்க. கீழ இருக்குற நம்பருங்க நானே கற்பனையா எடுத்தது, எந்த டீமோடதும் இல்ல.

மொத்தம் 40 லட்சம் டாலர், 15 பேர். பந்த கையில வச்சு ஆட்டத்த நடத்துற கார்டுக்கு 10 லட்சம். கூடைக்குப் பக்கத்துல காக்குற உயரமான ஆளுக்கு 7 லட்சம். ஸ்டார்ட்டிங் அஞ்சுல மீதி மூணு பேருக்கு ஆளுக்கு 4 லட்சம், 12 ஆச்சு. பெஞ்சுலேர்ந்து தினமும் வர்ற நாலு பேருக்கு ஆளுக்கு ஒண்ணே முக்கால் லட்சம், 7 லட்சம். கடைசி ஆறு பேருக்கு ஆளுக்கு 25,000, ஒன்றரை லட்சம். மொத்தம் முப்பத்தேழரை லட்சம், ரெண்டரை லட்சம் கையிருப்பு. கையிருப்பு இல்லாம ஏப்ரலுக்குள்ள போகவே போகாதீங்க, ஏன்னா யாராவது ஒருத்தர் கடைசி நிமிஷத்துல கிளம்புவாங்க, இல்ல டிராஃப்ட்லேர்ந்து ஒருத்தர் திரும்ப வருவாங்க.

இப்ப அந்த 10 லட்சம் கார்ட எப்படி மதிப்பிடுறது? பாயின்ட் சராசரிய மட்டும் பாத்து யாரையும் வாங்காதீங்க. சின்ன கான்ஃபரன்ஸ்ல 20 பாயின்ட் அடிச்ச பையன், பெரிய கான்ஃபரன்ஸ்ல உயரமான டிஃபென்ஸுக்கு எதிரா அதே ஷாட்ட எடுக்க முடியுமா? டீமோட எத்தன சதவீத ஆட்டம் அவன் கையில முடியுது, அந்த சதவீதம் குறைஞ்சா அவனோட திறன் ஏறுமா, டர்ன்ஓவர் எவ்வளவு, ஃப்ரீ த்ரோ எத்தன வாங்குறான், பலமான டீமுக்கு எதிரா மட்டும் பாத்தா நம்பர் எப்படி மாறுதுன்னு பாருங்க. புள்ளிவிவரம் தர்ற பார்ட் டார்விக் சைட் இலவசம், இதெல்லாம் அங்கயே வடிகட்டிப் பாக்கலாம், அதே மாதிரி சைட்டான கென்பாமுக்கு சின்ன சந்தா. டீம்ல இருக்குறவங்க சினர்ஜி வீடியோல ஒவ்வொரு ஷாட்டயும் பாப்பாங்க. நம்பர் பாத்து அஞ்சு பேர் லிஸ்ட் எடுத்து, அப்புறம் வீடியோ, அப்புறம் அவனோட பழைய கோச், ஹைஸ்கூல் கோச்னு விசாரிக்கிறது, இந்த வரிசைய தலைகீழா பண்ணாதீங்க. வீடியோவ முதல்ல பாத்தா மனசு ஒரு அழகான டங்க்ல மாட்டிக்கும்.

இன்னொன்னு, டிரெஸ்ஸிங் ரூம்ல ரகசியம் நிக்காது. 2022 ஏப்ரல்ல கன்சாஸ் ஸ்டேட்லேர்ந்து மயாமிக்கு வந்த நைஜல் பேக்குக்கு ரெண்டு வருஷத்துக்கு 8 லட்சம் டாலரும் ஒரு காரும்னு டோனர் ஜான் ரூயிஸ் வெளிப்படையாவே சொன்னார். சில நாள்லயே ஏற்கனவே அந்த டீம்ல ஸ்டாரா இருந்த ஐசேயா வாங்கோட ஏஜென்ட், தொகைய ஏத்தலன்னா என் பிளேயர் போர்ட்டலுக்குப் போவான்னு சொன்னார். வாங் கடைசில இருந்தான், அந்த டீம்தான் அடுத்த வருஷம் ஃபைனல் ஃபோர் போச்சு. ஆனா புதுசா வர்றவனுக்குக் கொடுக்குற விலை, வீட்டுல ஏற்கனவே இருக்குற எல்லாரோட விலையயும் மாத்தும்ங்கறது அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு. என்னோட கருத்து, இருக்குற நல்ல பையன மார்ச்லயே கூப்பிட்டு அவன் கேக்குறதுக்கு முன்னாடியே நியாயமான தொகைய சொல்லிடணும், விசுவாசமா இருக்குறவனுக்கு குறைவா கொடுத்து வெளியாளுக்கு அள்ளிக் கொடுக்குற டீம் ரெண்டு வருஷத்துல காலியாயிடும்.

ஆறாவது படி: கான்ட்ராக்ட்டும் ஏஜென்ட்டும்

பிளேயர் சட்டப்படி காலேஜோட ஊழியர் இல்ல, காலேஜ் அவனோட பேரயும் உருவத்தயும் பயன்படுத்துற உரிமைய வாங்குதுன்னுதான் பெரும்பாலான ஒப்பந்தம் எழுதப்படுது. அதனால வரி பிடிக்காம முழுத் தொகையும் கைக்கு வரும். 19 வயசுல ரெண்டு லட்சம் டாலர் அக்கவுன்ட்ல விழுந்தா அதுல வரிக்குன்னு பெரிய பகுதிய எடுத்து வைக்கணும், மூணு மாசத்துக்கு ஒரு தடவ கட்டணும்னு யார் சொல்லுவா? அந்தப் பையனோட வீட்டுல யாருமே இதுக்கு முன்னாடி இந்த மாதிரி வரி கட்டியிருக்க மாட்டாங்க. ஜிஎம் ஆபீஸ் முதல் செக் போறதுக்கு முன்னாடியே ஒரு அக்கவுன்டன்ட்ட உக்கார வச்சு சொல்லித்தரணும், சும்மா ஒரு பிடிஎஃப் அனுப்பினா போதாது. என்னைக் கேட்டா ஒரு புரோகிராம எடை போடுறதுக்கு இதவிட நல்ல அளவுகோல் இல்ல.

ஒப்பந்தத்துல படிக்க வேண்டியது: எத்தன வருஷம், மாசா மாசமா மொத்தமாவா, காயம் பட்டா என்ன ஆகும், நடுவுல போனா திருப்பித் தரணுமா, புது காலேஜ் பைஅவுட், அதாவது விடுவிக்கிறதுக்கான தொகை, கட்டணுமா, கோச் போயிட்டா என்ன. ஒவ்வொண்ணையும் பையன்கிட்ட வாய்விட்டு சொல்லிக் காட்டணும்.

ஏஜென்ட் விஷயத்துல கவனம். என்பிஏல பிளேயர் சங்கம் ஏஜென்ட்டுக்கு லைசென்ஸ் கொடுக்குது, கமிஷனுக்கு மேல்வரம்பும் வச்சிருக்கு. காலேஜ்ல நாடு முழுக்க அப்படி ஒரே முறை இல்ல, மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேற. ரொம்ப நேர்மையான ஏஜென்ட்டும் இருக்காங்க, அந்தப் பையனோட மாமான்னு சொல்லிக்கிட்டு வர்றவங்களும் இருக்காங்க. யார் அதிகாரபூர்வமா பேசுறாங்கன்னு எழுத்துல வாங்காம நம்பர் சொல்லாதீங்க.

ஏழாவது படி: தகுதி, விசா, விதி

பாஸ்கெட்பால் தெரிஞ்சா போதாது, இவன் ஆடவே முடியுமான்னு தெரியணும். டிராஃப்ட்ல 2023லயே 31வது ஆளா எடுக்கப்பட்ட ஜேம்ஸ் நாஜி 2025 டிசம்பர்ல பேலருக்கு வந்தார், என்பிஏவோட கீழ்மட்ட லீக்கான ஜி லீக்ல ஆடினவங்க லூயிவில்லுக்கும் சாண்டா கிளாராவுக்கும் வர்றாங்க. ரெண்டு வருஷம் முன்னாடி இத யாராவது சொல்லியிருந்தா நடக்காதுன்னுதான் எல்லாரும் சொல்லியிருப்பாங்க. கோர்ட் உத்தரவு வர வர தகுதி விதி மாறிக்கிட்டே இருக்கு, அதனால விதிங்கள பாத்துக்குற காலேஜோட கம்ப்ளையன்ஸ் ஆபீஸ்கூட தினமும் பேசுற பழக்கம் வேணும். கேம்பஸுக்கு வெளிய போயி ரெக்ரூட் பண்றது கோச்சுகளுக்குன்னு ஒதுக்கின வேலை, கோச் அல்லாத ஜிஎம் ஒரு டோர்னமென்ட்டுக்கு சும்மா போயி நின்னாலே விதிமீறல் ஆகலாம், கிளம்புறதுக்கு முன்னாடி கேளுங்க.

வெளிநாட்டுப் பிளேயருங்க இப்ப அலை அலையா வர்றாங்க, ஐரோப்பால கிளப்ல ஆடுறதவிட இங்க பணம் அதிகம்ங்கறதால. இலினாய் டீம் பால்கன் நாட்டுப் பசங்கள வச்சே ஒரு ரோஸ்டர் கட்டிச்சு. ஆனா அவங்க வர்றது பெரும்பாலும் எஃப்-1ங்கற மாணவர் விசால, அதுல அமெரிக்காக்குள்ள வேலை செஞ்சு சம்பாதிக்க கடுமையான கட்டுப்பாடு. காங்கோலேர்ந்து வந்து கென்டக்கில ஆடின ஆஸ்கர் ஷீப்வே 2022ல டீமோட பஹாமாஸ் தீவுக்குப் போனப்ப அங்க வச்சுத்தான் தன்னோட விளம்பர வேலைங்கள முடிச்சார். இந்த விஷயத்துல குடியேற்ற வக்கீல் இல்லாம ஒரு வாக்குறுதியும் கொடுக்கக்கூடாது, தப்பு நடந்தா டீம் அபராதம் கட்டிட்டு போயிடும், அந்தப் பையனோ விசாவயே இழப்பான்.

எட்டாவது படி: உள்ள நுழையறது

ஜிஎம் வேலைக்குன்னு ஒரே பாதை இல்ல, மேல சொன்ன பேருங்களே சாட்சி. ஆனா அடிமட்டத்துலேர்ந்து போற பழைய வழி ஒண்ணு இன்னும் திறந்திருக்கு, ஸ்டூடன்ட் மேனேஜர். பந்து எடுத்துக் கொடுக்குறது, துணி துவைக்கிறது, வீடியோ வெட்டுறதுன்னு ஆரம்பிக்கும். லாரன்ஸ் ஃப்ராங்க் இந்தியானால பாப் நைட்கிட்ட ஸ்டூடன்ட் மேனேஜரா இருந்தவர்தான், அப்புறம் என்பிஏ கோச், இப்ப கிளிப்பர்ஸ் டீமோட தலைமைப் பொறுப்பு.

தமிழ்நாட்டுலேர்ந்து எம்எஸ் படிக்க வந்திருக்குறவங்களுக்கு தனியா ஒண்ணு. பைத்தான், எஸ்க்யூஎல் தெரிஞ்ச ஆளுக்கு சின்ன காலேஜ் டீமுங்க ஏங்குது, பெண்கள் டீமுங்க இன்னும் அதிகமா, ஏன்னா அங்க ஆள் பலம் குறைவு. எஃப்-1 விசால கேம்பஸ்லயே வாரத்துக்கு 20 மணி நேரம் வரைக்கும் வேலை பாக்கலாம், ஆனா சம்பளம் இல்லாத வேலையா இருந்தாலும் சேர்றதுக்கு முன்னாடி உங்க காலேஜோட சர்வதேச மாணவர் ஆபீஸ்ல எழுத்துல கேட்டுக்கோங்க.

பயோடேட்டா மட்டும் அனுப்பினா யாரும் திறக்க மாட்டாங்க. உங்க காலேஜ் டீம எடுத்துக்கோங்க, அடுத்த வருஷம் எந்த இடம் காலியாகும்னு பாத்து, அந்த இடத்துக்கு அவங்க கான்ஃபரன்ஸுக்கு கீழ் மட்டத்துல ஆடுற மூணு பேர் ஏன் பொருந்துவாங்கன்னு ரெண்டு பக்கத்துக்குள்ள எழுதுங்க. ஒவ்வொருத்தருக்கும் நீங்க கொடுக்குற தொகை, அதுக்கு மேல போனா விட்டுடுவேன்ங்கற எல்லை, அவங்ககிட்ட இருக்குற ஒரு குறை, மூணும் இருக்கணும். குறைய எழுதாத ரிப்போர்ட்ட யாரும் நம்ப மாட்டாங்க. ஹெட் கோச்சுக்கு அனுப்பாம வீடியோ கோஆர்டினேட்டருக்கோ ஆபரேஷன்ஸ் டைரக்டருக்கோ அனுப்புங்க, அவங்கதான் படிப்பாங்க. ஏப்ரல்ல அனுப்பாதீங்க, யாரும் மெயில் பாக்குற நிலையில இருக்க மாட்டாங்க. ஆகஸ்ட்ல அனுப்புங்க, ரெண்டு வாரம் கழிச்சு ஒரு தடவ ஞாபகப்படுத்துங்க, பதில் வரலன்னா அடுத்த காலேஜ்.